காருக்குள் உட்கார்ந்து 7 டூர் ஜெயித்தவர்: சிரில் கிமார் பற்றிப் பேசலாம் வாங்க

பின்சக்கரம்:

சைக்கிள் பந்தயம் என்று வந்தால் இந்த மன்றத்தில் மெர்க்ஸ், இனோ, லெமாண்ட், இப்போது பொகாச்சர் என்று மிதிக்கிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்குப் பின்னால் காரில் வருகிறவரைப் பற்றி ஓர் இழைகூட இல்லை. ரொம்ப நாளாக மனதில் இருந்தது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

சிரில் கிமார், 1947 ஜனவரியில் பிரான்சின் நாந்த் நகரத்துக்குப் பக்கத்தில் பூகெனே என்ற ஊரில் பிறந்தவர். 1968இல் தொழில்முறை வீரரானார். மூன்று வாரம் நடந்து பாரிஸில் முடியும் டூர் டி பிரான்ஸில் மொத்தம் 7 ஸ்டேஜ், அதாவது ஒரு நாள் ஓட்டம், ஜெயித்திருக்கிறார். உலக சாம்பியன்ஷிப்பில் 1971, 1972 இரண்டு வருடமும் மூன்றாமிடம். 1976 தொடக்கத்தில்கூட சேற்றில் ஓட்டும் சைக்ளோகிராஸில் பிரான்சின் சாம்பியன் அவர்தான். அதே வருடம் பந்தயத்தை விட்டுவிட்டு கிதான் அணியின் இயக்குநர் ஆனார். அதிலிருந்து 1984 வரை நடந்த டூர்கள் 9. அதில் 7 அவருடைய அணிக்கு. 1976இல் லூசியன் வான் இம்ப், 1978, 79, 81, 82இல் பெர்னார் இனோ, 1983, 84இல் லொராங் ஃபின்யோன். மூன்று பேரும் மூன்று விதமான ஆட்கள். வான் இம்ப் மலை மட்டும் ஏறத் தெரிந்த சின்ன உருவம். இனோ எல்லாவற்றையும் முட்டி மோதி வாங்குகிறவர். ஃபின்யோன் வட்டக் கண்ணாடி போட்ட நகரத்துப் பையன். காரில் மட்டும் ஒரே ஆள்.

அவர் ஏன் அப்படிப்பட்ட இயக்குநர் ஆனார் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்ல 1972க்குப் போக வேண்டும்.

அந்த டூரில் மெர்க்ஸ் உச்சத்தில் இருந்தார். கிமார் அடிப்படையில் ஸ்பிரிண்டர், கடைசிச் சில நூறு மீட்டரில் வேகமெடுத்து ஜெயிக்கிறவர். முதல் ஸ்டேஜிலேயே ஜெயித்து, மொத்தக் கணக்கில் முதலில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சி வாங்கினார். ஸ்பிரிண்டர்கள் மலை வந்ததும் காணாமல் போவார்கள். இவர் போகவில்லை. மோன் ரவார் மலை உச்சியில் முடிந்த ஸ்டேஜில் மெர்க்ஸ் கோட்டுக்குச் சற்று முன்னாலேயே ஜெயித்துவிட்டோம் என்று கையைத் தூக்கிவிட்டார். கிமார் தலையை நிமிர்த்தவே இல்லை. கடைசி மிதி வரை மிதித்துச் சக்கரத்தை முன்னால் தள்ளினார். சில சென்டிமீட்டரில் ஸ்டேஜ் அவருக்கு.

ஆனால் முழங்கால் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் வலியோடுதான் ஏறி உட்கார்ந்தார். பாரிஸுக்கு இரண்டே நாள் பாக்கி. மொத்தக் கணக்கில் இரண்டாமிடம், தோளில் புள்ளிக் கணக்கில் முதலில் இருப்பவருக்கான பச்சை ஜெர்சி. அந்த நிலையில் இறங்க வேண்டியதாயிற்று. பாரிஸில் பச்சை ஜெர்சி மெர்க்ஸுக்கு வந்தது. அதை அவர் கிமாரிடமே கொடுத்துவிட்டார்.

25 வயதில் அந்த இடத்தில் நின்றவர் நான்கு வருடம் கழித்து ஓர் அணியை நடத்த வருகிறார். முதல் பெரிய முடிவு என்ன தெரியுமா? 1977இல் இனோ கென்ட்–வேவல்கெம் என்ற ஒருநாள் பந்தயத்தை ஜெயித்தார். லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் ஜெயித்தார். தோஃபினே என்ற பலநாள் பந்தயத்தில் கோல் த போர்த் கணவாயின் இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து, ஏறி வந்து, வேறு சைக்கிள் வாங்கி ஓட்டி, அந்தப் பந்தயத்தையும் ஜெயித்தார். 22 வயது. நாடே அவரை டூரில் பார்க்கக் காத்திருந்தது. கிமார் அனுப்பவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தார். 1978இல் போனார், முதல் முயற்சியிலேயே ஜெயித்தார்.

கிரெக் லெமாண்டுக்கும் அதே கதைதான். 1981இல் ரெனோ அணிக்கு (கிமாரின் கிதான் அணிக்கு அப்போது அந்தப் பெயர்) வந்தார். 1983இல் உலக சாம்பியனே ஆகிவிட்டார். இருந்தும் 1984 வரை டூர் கிடையாது. போன முதல் டூரிலேயே மூன்றாமிடம்.

ஆட்களை அனுப்பாமல் வைத்திருக்கத் தெரிந்ததுதான் கிமாரின் பெரிய திறமை என்று நினைக்கிறேன். அது அவருடைய முழங்காலில் இருந்து வந்தது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

மெதுவண்டி:

அண்ணா, ரொம்ப நல்ல இழை. நான் இந்த விளையாட்டைப் பார்க்க ஆரம்பித்தே ஒரு வருடம்தான் ஆகிறது. அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். அணி இயக்குநர் காரில் உட்கார்ந்து உண்மையில் என்னதான் செய்வார்? மிதிப்பது வீரர்தானே?

ஏற்றக்காரன்:

தம்பி, நல்ல கேள்வி. பிரெஞ்சில் டைரக்டூர் ஸ்போர்டிஃப் என்பார்கள், சுருக்கமாக டி.எஸ். பந்தயத்துக்குப் பின்னால் அணி கார்கள் வரிசையாக வரும். அந்த வரிசையும் இஷ்டப்படி கிடையாது. மொத்தக் கணக்கில் யாருடைய வீரர் முன்னால் இருக்கிறாரோ அந்த அணியின் கார் முன்னால். பந்தய அமைப்பாளர்களின் ரேடியோவில் யார் தப்பித்துப் போனார்கள், எவ்வளவு இடைவெளி என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதைக் கேட்டு டி.எஸ். முடிவெடுக்க வேண்டும். துரத்துவதா, விடுவதா, யாரைச் செலவழிப்பது, யாரைப் பத்திரப்படுத்துவது என்று.

இப்போது வீரர்கள் காதில் ரேடியோ இருக்கிறது. கிமார் காலத்தில் அது கிடையாது. ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அனுமதி வாங்கி, காரை முன்னால் ஓட்டி, வீரருக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை இறக்கிக் கத்த வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பாட்டில் வாங்கப் பின்னால் வரும் உதவி வீரரிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

1976 கதை இதற்குச் சரியான உதாரணம். சென்-லாரி-சூலான் ஸ்டேஜ், பிரனீஸ் மலை. வான் இம்ப் அதுவரை மூன்று முறை மலை ராஜா பட்டம் வாங்கியவர். அவருக்கு அந்தப் பட்டத்தின் மேல்தான் ஆசை. மஞ்சள் ஜெர்சிக்காக எல்லாவற்றையும் பணயம் வைக்கும் ஆள் இல்லை. அன்றைக்கு இலக்குக்கு இன்னும் பல கணவாய் இருக்கும்போதே தாக்கு என்று கிமார் ஒரு வீரரிடம் சொல்லி அனுப்பினார். வான் இம்ப் கேட்கவில்லை. கிமாரே காரை ஓட்டிக்கொண்டு போனார். இப்போது கிளம்பாவிட்டால் காராலேயே உன்னைச் சாலையை விட்டுத் தள்ளிவிடுவேன் என்று சொன்னதாக இன்றைக்கும் கதை உலவுகிறது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே நடந்ததா என்பதை விடுங்கள். வான் இம்ப் கிளம்பினார். முன்னால் போயிருந்த ஒக்கானா என்ற வீரரோடு சேர்ந்துகொண்டார். முக்கியப் போட்டியாளர் ஸூட்டமெல்க் பின்னால் யோசித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த ஒரு நாளில் 3 நிமிடத்துக்கு மேல் இடைவெளி. பாரிஸில் 4 நிமிடம் 14 நொடியில் டூர் வான் இம்புக்கு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வயது. கிமாருக்கு அப்போது 29. வான் இம்ப் அவரைவிட மூன்று மாதம் மூத்தவர்! தன்னைவிட மூத்த ஒருவரைக் கார் ஜன்னலில் இருந்து விரட்டி டூர் ஜெயிக்க வைத்திருக்கிறார். போன வருடம் வரை பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்த மனிதர் சொன்னதால்தான் அந்த வார்த்தை எடுபட்டது.

வடக்குநிலையம்:

நான் பாரிஸில் இருக்கிறேன், வந்து முப்பது வருடத்துக்கு மேல். ஒருமுறை வேலைத்தலத்து நண்பர் ஒருவர் அல்ப் துவேஸ் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டி.எஸ். பற்றிக் கதைக்கிறீர்கள், அதனால் அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கே வளைவில் இடம் பிடித்துவிட்டோம். சரியான வெயில். பின்னேரம்தான் வீரர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர்களைப் பார்த்து எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். அவர்கள் போனபிறகுதான் கார்கள். மலையில் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். முதல் கியரில் உறுமிக்கொண்டு ஊர்ந்து வருகின்றன. கிளட்ச் கருகுகிற மணம் மூக்கைப் பிடிக்கிறது. கூரைமேல் அடுக்கி வைத்த சைக்கிள்களின் சக்கரங்கள் காற்றுக்குத் தானாகச் சுழல்கின்றன.

எங்கள் வளைவுக்கு நேரே ஒரு வீரர் காருக்குப் பக்கத்தில் வந்தார். ஓட்டிய மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு கை ஸ்டீயரிங்கில், மற்றக் கையில் பாட்டில். வீரர் பாட்டிலைப் பிடித்தார், இவர் விடவில்லை. மூன்று, நான்கு நொடி அப்படியே இரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள், கார் அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனது. விதிப்படி பிழைதான். அந்த நான்கு நொடியும் அந்த மனிதர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். கத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் புத்தி சொல்வது போல மெல்லச் சொன்னார். பிறகு விட்டார். பிள்ளை எழும்பி நின்று மிதிக்கத் தொடங்கினான்.

என்ன சொன்னார் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

கியர்மாத்து:

பின்சக்கரம், உங்கள் எழுத்து பிடித்திருக்கிறது. ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. மூன்று காரணம்.

முதலில், இனோ. அவரை யார் காரில் உட்கார்ந்து நடத்தியிருந்தாலும் ஜெயித்திருப்பார். கிமாரை விட்டுப் போனபிறகும் 1985இல் வேறு அணியில் டூர் ஜெயித்தாரே? லெமாண்ட் ஜெயித்த மூன்று டூரும் கிமாரை விட்டுப் போனபிறகுதான். அப்படியென்றால் கால் யாருடையது?

அடுத்து, முன்னாள் வீரராக இருந்ததால்தான் நல்ல இயக்குநர் ஆனார் என்கிறீர்கள். டேவ் பிரெயில்ஸ்ஃபோர்டைப் பாருங்கள். பெரிய வீரராக ஒருநாளும் இருந்ததில்லை. அவர் நடத்திய ஸ்கை அணி (2019இல் பெயர் இனியோஸ்) 2012இல் இருந்து 2019 வரை 8 டூரில் 7 ஜெயித்தது. விக்கின்ஸ், ஃப்ரூம் நான்கு முறை, தாமஸ், பெர்னால். கிமாரின் கணக்கைவிட ஒரு வருடம் குறைவாக எடுத்துக்கொண்டு அதே ஏழு.

மூன்றாவதுதான் முக்கியம். முழங்கால் வலி தெரிந்தவர், அதனால் வீரர்களைக் காப்பாற்றினார் என்கிறீர்கள். 1980இல் இனோ மஞ்சள் ஜெர்சியோடு போ நகரத்தில் இரவோடு இரவாக டூரை விட்டு விலகினார். காரணம் முழங்கால். 1983இல் மறுபடி முழங்கால், அறுவை சிகிச்சை, டூர் போச்சு. 1985இல் ஃபின்யோனுக்குக் குதிகால் தசைநார், அறுவை சிகிச்சை, அந்த டூரும் போச்சு. எல்லாம் கிமார் காரில் இருந்தபோது நடந்தவை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஏற்றக்காரன்:

பிரெயில்ஸ்ஃபோர்ட் உதாரணம் பாதிதான் சரி. அவர் நிறுவனத்தை நடத்தியவர், பந்தயத்தின்போது முடிவெடுக்கக் காரில் இருந்தவர்கள் வேறு. 2012இல் ஷான் யேட்ஸ், 1994 டூரில் மஞ்சள் ஜெர்சி போட்டவர். அப்புறம் ஃப்ரூமின் டூர்களில் நிக்கோலா போர்த்தால். 2010இல் அதே ஸ்கை அணியில் வீரராக இருந்து பிறகு காருக்குள் போனவர். 2020 மார்ச்சில் 40 வயதில் இறந்துபோனார். எத்தனை பெரிய இழப்பு அது! பெரிய வீரராக இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது சரிதான். அந்தக் கூட்டத்துக்குள் ஓட்டியிருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடித்தால் கூட்டம் எங்கே அறுந்துபோகும் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதோடு கிமார் இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்தார். சிறுவயதிலேயே ஆள் தேடிப் பிடிப்பார். 1980இல் இனோவையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் நெவாடாவில் இருந்த லெமாண்டின் வீட்டுக்கே போனவர். சைக்கிள் வடிவமைப்பைப் பார்ப்பார், பயிற்சி அட்டவணை போடுவார், அப்புறம் காரை ஓட்டுவார்.

சங்கிலிஎண்ணெய்:

நான் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பந்தய வரலாறு உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் கிமார் பெயரை வாரத்துக்கு நாலு முறையாவது நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

புதிதாக ரோடு பைக் வாங்க வருகிறவர்களுக்கு சீட் உயரம் எப்படி வைப்பது? வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைக் கவட்டில் நன்றாக மேலே அழுத்திப் பிடித்து, தரையில் இருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். வந்த அளவை 0.883ஆல் பெருக்க வேண்டும். அதுதான் பெடல் கைகள் இரண்டும் சுழலும் நடு அச்சின் மையத்தில் இருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய தூரம். உலகம் முழுக்க லெமாண்ட் சூத்திரம் என்று சொல்வார்கள். லெமாண்டுக்கு அதைக் கொடுத்தவர் கிமார்.

ரெனோ கார் நிறுவனம் அணியின் பின்னால் இருந்ததால் அவர்களுடைய பொறியாளர்களையும் காற்றுச் சுரங்கத்தையும் சைக்கிளுக்குப் பயன்படுத்தியவர் அவர். 70களின் முடிவிலேயே காற்றைக் கிழிக்கும் சட்டம் உள்ள கிதான் சைக்கிளை டைம் ட்ரயலுக்கு, அதாவது கடிகாரத்தை எதிர்த்துத் தனித்தனியாக ஓட்டும் பந்தயத்துக்கு, இறக்கிவிட்டார்கள். மற்ற அணிகளில் உருண்டைக் குழாய்ச் சட்டத்துக்கு மேல் யோசிக்காத காலம்.

0.883 எல்லாருக்கும் சரியாக வராது. பெடலின் தடிமன், ஷூவின் அடிப்பகுதி எல்லாம் இப்போது மாறிவிட்டது. ஆனால் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பின்சக்கரம்:

கியர்மாத்து கேட்ட மூன்றாவது கேள்விக்கு இரண்டு நாள் யோசித்தேன். நியாயமான கேள்வி. நான் எழுதியதில் அதைத் தவிர்த்துவிட்டேன், அது தப்பு.

1980 வருடத்தை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ், பனி கொட்டுகிறது. 174 பேர் கிளம்பினார்கள், முடித்தது 21 பேர். பாஸ்தோனிலும் பனி நிற்காவிட்டால் இறங்கிவிடுவது என்று இனோவே நினைத்திருந்தார். பாஸ்தோன் வந்தது, பனி மழையாக மாறியது. கிமார் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து மழைக்கோட்டைக் கழற்று, பந்தயம் இப்போதுதான் தொடங்குகிறது என்றார். கழற்றினார். லியேஜ் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டி 9 நிமிடம் 24 நொடியில் ஜெயித்தார். வலது கை சரியாக மூன்று வாரம் ஆயிற்று. இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு எப்போதும் பழைய மாதிரி ஆகவில்லை, குளிர் பட்டால் வலிக்கும்.

அடுத்து மே மாதம் இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோ, ஜெயித்தார். ஜூலையில் டூர். லில் நகரத்துக்குப் போகும் கல் பாவிய சாலையில் மழையில் பெரிய கியரில் மிதித்து ஸ்டேஜையும் ஜெயித்தார். அங்கிருந்துதான் முழங்கால் பிடித்துக்கொண்டது. போ நகரத்தில் முடிந்தது.

1977இல் நிறுத்திவைத்த அதே மனிதர் 1980இல் மழைக்கோட்டைக் கழற்றச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இப்படித் தோன்றுகிறது, இது என் ஊகம் மட்டும்தான். 22 வயதுப் பையனிடம் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிந்தது. உலகமே கொண்டாடும் இனோவிடம் முடியவில்லை, அல்லது சொல்ல அவரே விரும்பவில்லை. 1983இல் ஸ்பெயினின் பெரிய பந்தயமான வுவெல்டாவில் வலிக்கும் முழங்காலோடு செரானில்லோஸ் மலை ஏறி ஆவிலாவில் இனோ ஜெயித்த நாளும் அப்படித்தான். கிடைக்கிற வெற்றியை விட்டுவிட்டு வா என்று எந்த இயக்குநர் சொல்வார்?

வளரும்வரை பார்த்துக்கொள்ள அவரைப்போல ஆள் கிடையாது. வளர்ந்தபிறகு எல்லோருமே அவரை விட்டுப் போனார்கள். வான் இம்ப் டூர் ஜெயித்த அடுத்த வருடமே வேறு அணி. இனோ 1983 கடைசியில் கிமாரா நானா என்று ரெனோவிடமே கேட்டார். ரெனோ கிமாரை வைத்துக்கொண்டது. லெமாண்ட் 1984க்குப் பிறகு தொழிலதிபர் தாப்பியின் லா வி கிளேர் அணிக்கு, இனோவிடமே போனார். உனக்கு என்ன நல்லது என்று எனக்குத் தெரியும் என்று 20 வயதில் சொன்னால் நன்றியோடு கேட்போம். 28 வயதில் அதே குரலில் சொன்னால் யாருக்கும் கசக்கும்.

சொந்த அனுபவம் ஒன்று. கல்லூரி நாட்களில் மாவட்ட அளவில் ஓட்டினேன். பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர், நிறையச் சொல்லிக்கொடுத்தார். முழங்காலில் வலி வந்தபோது போட்டி முடிந்ததும் பார்த்துக்கலாம் என்றார். போட்டி முடிந்தது, முழங்காலும் முடிந்தது. இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறேன். அதனால்தான் 1977இல் அனுப்பமாட்டேன் என்று ஒருவர் சொன்னதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது. அந்தக் கண்ணாடியால்தான் நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மலைச்சாலை:

எல்லோரும் போய்விட்டார்கள் என்றீர்கள். ஃபின்யோன் போகவில்லையே? 1991 வரை கூடவே இருந்தார். அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன், ஏனென்றால் நிர்வாகி கிமாரைப் பார்க்க அதுதான் சரியான இடம்.

1985 முடிவில் ரெனோ சைக்கிள் அணியை மூடியது. அதுவரை வழக்கம் என்னவென்றால் அணி ஸ்பான்சருக்குச் சொந்தம். ஸ்பான்சர் கையை உதறினால் எல்லோரும் தெருவில். கிமாரும் ஃபின்யோனும் தாங்களே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அணி அந்த நிறுவனத்துக்குச் சொந்தம். ஸ்பான்சர் பணம் கொடுத்து ஜெர்சியில் பெயர் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். சிஸ்தெம் யூ பல்பொருள் அங்காடிகள் முதலில் வந்தன, 1990இல் கஸ்தோராமா. தச்சர் போடும் மேலுடை மாதிரி வரைந்த அந்த ஜெர்சியைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். இன்றைக்குப் பெரும்பாலான அணிகள் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. ஓட்டிக்கொண்டிருக்கும் வீரரும் இயக்குநரும் பங்காளிகளாக அணி நடத்தியது எனக்குத் தெரிந்து மிக அபூர்வம்.

அப்புறம் 1989. இதை எழுதாமல் இருக்க முடியாது.

கடைசி நாள், வெர்சாயில் இருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரயல். ஃபின்யோன் 50 நொடி முன்னால். துரத்துவது லெமாண்ட். இரண்டு பேரும் கிமார் வளர்த்த பிள்ளைகள். லெமாண்ட் முழங்கையை ஊன்றிக் கையை முன்னால் நீட்டும் கைப்பிடி போட்டிருக்கிறார், தலையில் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட். ஃபின்யோன் வெறுந்தலை, பின்னால் குடுமி காற்றில் ஆடுகிறது. உட்காருகிற இடத்தில் புண், முந்தின இரவு தூக்கமில்லை. லெமாண்ட் 26 நிமிடம் 57 நொடி. ஃபின்யோன் 27 நிமிடம் 55 நொடி. 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி 8 நொடியில் டூர் போனது.

காற்றுச் சுரங்கத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்த மனிதர் அந்தக் காரில் இருந்தார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. லெமாண்ட் அந்தக் கைப்பிடியை ரென் நகரத்து டைம் ட்ரயலிலேயே பயன்படுத்தினார், அது முதல் வாரம். பார்த்தார்கள். எதிர்ப்பும் தெரிவிக்கவில்லை, தாங்களும் அப்படி ஒன்றைப் பொருத்திக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நேரம் இருந்தது. 10 வருடம் முன்னால் இருந்த கிமார் என்றால் மறுநாளே ஒரு பட்டறையில் அதை வளைத்துக்கொண்டு வந்திருப்பார் என்று நம்புகிறேன். இப்போது அவர் சம்பளம், ஒப்பந்தம், ஸ்பான்சர், கணக்கு எல்லாவற்றையும் பார்க்கும் முதலாளி. நிர்வாகியின் வேலை டி.எஸ்.ஸின் கண்ணைக் கொஞ்சம் தின்றுவிட்டது என்பது என் எண்ணம்.

ஃபின்யோன் 2010இல் 50 வயதில் புற்றுநோயில் இறந்தார். அந்த 8 நொடியைப் பற்றி வாழ்நாள் முழுக்க அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கியர்மாத்து:

மலைச்சாலை அக்கா, இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ரென் டைம் ட்ரயலைப் பற்றிச் சொன்னது சரியான அடி.

என் முதல் காரணத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். 1984 டூரை மறுபடி பார்த்தேன். இனோ எதிரணியில் இருந்தும் ரெனோ அணி அந்த டூரைப் பிழிந்து எடுத்திருக்கிறது. ஃபின்யோன் மட்டும் 5 ஸ்டேஜ். அல்ப் துவேஸுக்கு முன்னால் பள்ளத்தாக்கில் எதிர்க்காற்றில் இனோ தனியாகத் தாக்கிப் போகிறார். துரத்தி வந்து மலையில் கடந்துபோகிறார்கள். பாரிஸில் 10 நிமிடம் 32 நொடி இடைவெளி. இனோவுக்கு எப்போது கோபம் வரும், கோபத்தில் என்ன செய்வார் என்று தெரிந்த ஒருவர் எதிர்க் காரில் இருந்திருக்கிறார் என்பது அதைப் பார்த்தால் புரிகிறது.

ஆனால் ஒன்று. பெரிய வீரர்கள் இயக்குநர் ஆவதை நாம் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவும் கூடாது. பியார்ன ரீஸ் 1996 டூர் ஜெயித்தவர், பிறகு சி.எஸ்.சி. அணியின் தலைவர். 2007இல் ஊக்கமருந்து எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார். அனுபவம் என்ற பெயரில் எது கைமாறுகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஃபின்யோனே தன் காலத்தில் மருந்து எடுத்ததைச் சொல்லியிருக்கிறார். அந்தத் தலைமுறையைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துப் பேசினால் நேர்மையாக இருக்காது.

பின்சக்கரம்:

ஒத்துக்கொள்கிறேன். மறைக்க வேண்டியதில்லை.

வடக்குநிலையம்:

கிமாரிடம் ஓட்டிய பிள்ளைகளில் பிறகு அணி நடத்த வந்தவர் மார்க் மாதியோ. ரெனோ அணியில் இருந்தபடி 1985இல் பாரிஸ்–ரூபே என்ற ஒருநாள் பந்தயத்தை ஜெயித்தார், 1991இல் இன்னொருமுறை. 1997இல் பிரான்சின் லாட்டரி நிறுவனத்தின் பணத்தில் ஃப்ரான்சேஸ் தே ஜூ அணியைத் தொடங்கினார். முதல் வருடமே கேதோன் என்ற வீரர் அந்த அணிக்குப் பாரிஸ்–ரூபே வென்று கொடுத்தார்.

மாதியோவை எல்லோருக்கும் தெரிந்தது 2012 டூரில். பொரென்ட்ருயி ஸ்டேஜ். அவருடைய அணியின் 22 வயது திபோ பினோ தனியாகப் போகிறான், பின்னால் துரத்துகிறார்கள். மாதியோ கார் ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை வந்து, கார்க் கதவில் அடித்து அடித்துக் கத்துகிறார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த என் மனிசி, இந்த மனிதருக்கு ஏதும் ஆகிவிடப்போகிறது என்று பயந்துவிட்டா. பினோ ஜெயித்தான்.

கிமார் அப்படிக் கத்துகிற ஆள் இல்லை என்றுதான் இங்கே பழைய ஆக்கள் சொல்வார்கள். கணக்குப் போடுகிற ஆள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று நம்ப ஏலாது.

ஏற்றக்காரன்:

கிமாரின் கடைசிப் பகுதியையும் சொல்லிவிடுகிறேன். கஸ்தோராமா 1995இல் முடிந்தது. 1997இல் கோஃபிடிஸ் அணியைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர், அங்கே அந்த வருடத்தைத் தாண்டி நிலைக்கவில்லை. பிறகு பெரிய அணி எதுவும் இல்லை. ஆனால் 2004இல் ரூபே நகரத்து அமெச்சூர் கிளப்பில் ஒரு லக்சம்பர்க் பையன் அவரிடம் ஓட்டினான். ஃபின்யோனை நினைவுபடுத்துகிறான் என்று சொன்னார். பையன் பெயர் ஆண்டி ஷ்லெக். 2010 டூர், ஜெயித்தவர் ஊக்கமருந்து விவகாரத்தில் நீக்கப்பட்டதால், பின்னாளில் அவன் பெயருக்கு எழுதப்பட்டது. கண் போகவில்லை பாருங்கள்.

2017இல், 70 வயதில், பிரான்ஸ் தேசிய அணியின் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். 2018 உலக சாம்பியன்ஷிப், இன்ஸ்புருக், கொடுமையான ஏற்றம். பிரான்சின் பார்தே இரண்டாமிடம், ஸ்பெயினின் வால்வெர்தேவுக்குப் பின்னால். அடுத்த வருடம் பொறுப்பு வோக்லேருக்குப் போனது. 2020, 2021 இரண்டு வருடமும் பிரான்சின் அலாஃபிலிப் உலக சாம்பியன்.

மெதுவண்டி:

எல்லோருக்கும் நன்றி அண்ணா, அக்கா. இரண்டு இரவு உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். பழைய பந்தயங்களின் வீடியோவில் இப்போது கார்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சங்கிலிஎண்ணெய் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி புத்தகம் வைத்து அளந்தேன். அம்மாதான் டேப் பிடித்தார்கள். 79 செ.மீ. வந்தது. 79 × 0.883 = 69.76. என் சீட் இப்போது 66.5இல் இருக்கிறது! மூன்று செ.மீ.க்கு மேல் தாழ்வு. நீண்ட தூரம் போனால் முழங்காலின் முன்பக்கம் வலிப்பது இதனால்தானா? வர்ற ஞாயிற்றுக்கிழமை 100 கிலோமீட்டர் போகிறோம். இன்றைக்கே ஏற்றிவிடவா?

சங்கிலிஎண்ணெய்:

வேண்டாம் தம்பி. முன்பக்க வலிக்கு அது காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் மூன்று செ.மீ. ஏற்றினால் இப்போது முன்னால் இருக்கும் வலி பின்பக்கத் தசைநாருக்குப் போய்விடும். முதலில் 3 மில்லிமீட்டர் மட்டும் ஏற்று. சீட் குழாயில் டேப் ஒட்டி அடையாளம் வை. ஒரு வாரம் சின்னத் தூரமாக ஓட்டு, வலி இல்லையென்றால் இன்னொரு 3. இப்படியே போனால் இரண்டரை மாதம் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை 100க்குப் போகாதே. அடுத்த முறை போகலாம்.